நான் தேர்ந்தெடுத்த சார்ஜர்

என் மனைவிக்கு நாற்பத்தாறு வயதில் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதில் குழப்பம் வந்தது. பிறகு வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால் அவளுக்குத் தெரியவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனோம். அவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, இது நரம்பில் வந்த குறை, மருந்தால் சரியாகாது, மெஷின்தான் வழி என்றார். போகப்போக இன்னும் குறைந்தாலும் குறையலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிற்பாடு என் வசதிக்குப் பிடித்துக்கொண்டேன்.

காதுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் மெஷின் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நாங்கள் வாங்கியது பழைய வகை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. அதிலிருந்து காதுக்கு ஓர் ஒயர் போகும். பெட்டிக்குள் ஒரே ஒரு பென்சில் செல். மிச்சத் துணியில் சின்னப் பை தைத்து, பெட்டியை அதில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வாங்கிய அன்று டவுன் பஸ்ஸில் எங்கள் ஊர் செவிலிமேட்டுக்குத் திரும்பும்போது, "கண்டக்டரு விசிலு காதக் கிழிக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர் அந்த பஸ்ஸில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவள் பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். கல்யாணப் புடவை எடுத்தவர்கள் எங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். முந்தானையில் பிரிந்து தொங்கும் நூலை எப்படி முடிச்சுப் போட வேண்டும், மணி வைக்க வேண்டுமா, என்ன நிறம் என்றெல்லாம் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சில் மாப்பிள்ளை வீடு, மண்டபம், சமையல்காரர் எல்லாம் வந்துபோகும். வேலையைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மெஷின் வந்ததும் அந்தப் பேச்சு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

வாரம் பத்து நாளுக்கு ஒரு செல் தீர்ந்துபோனது. தீர்ந்த செல்களைச் சன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைப்பாள். குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. திரும்பத் திரும்பச் சார்ஜ் போடுகிற செல்லும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று அவளிடம் சொன்னேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். மாணவர்களுக்குக் கம்பிச்சுருளும் பேட்டரியும் மீட்டரும் எடுத்துக்கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கி வைப்பது என் வேலை. இருபது வருடமாக மின்சாரச் சாமான்களுக்கு நடுவில் இருப்பவன் என்பதால், இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு நிறைய உண்டு. வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் அவள் என்னைத்தான் பார்ப்பாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று சார்ஜர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எதுக்குங்க வேணும்? கேமராவுக்கா?"

"வீட்ல காது மெஷினுக்குங்க. ஒரு செல்லு போடுறது."

அவர் நடுவில் இருந்ததை என் பக்கம் தள்ளினார். "அப்ப இத எடுத்துக்கினு போங்க. நாலு குழி இருக்குது பாருங்க, நாலுக்கும் தனித்தனி லைட்டு. ஒரு செல்லு மட்டும் போட்டாலும் ஏறும். ஃபுல்லானா அதுவே நிறுத்திக்கும்."

மூன்றாவதில் சின்னத் திரையெல்லாம் இருந்தது. அது எனக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட்டேன். முதலாவது, சுவரில் அப்படியே சொருகுகிற வகை. அதில் ஒரே ஒரு லைட். விலை நடு சார்ஜரில் பாதிகூட இல்லை.

"இது வேல செய்யாதா?" என்று கேட்டேன்.

"செய்யும். ஆனா இதுல ஜோடியாத்தான் போடணும், தனியா ஒண்ணு போட்டா ஏறாது. ரெண்டு செல்லும் தீர்ந்தப்புறம் ஒண்ணா போட்டு, பத்து மணி நேரம் விட்டு நீங்களே கழட்டணும். லைட்ட நம்பாதீங்க, சொருகியிருக்கிற வரைக்கும் அது எரிஞ்சிக்கினுதான் இருக்கும்."

"அதெல்லாம் நான் பாத்துக்குவேன். நான் காலேஜ் ஃபிசிக்ஸ் லேப்ல இருக்கிறவன்."

அவர் நடு சார்ஜரை எடுத்து உள்ளே வைத்தார். செல்களையாவது நல்லதாகக் கொடுத்தார். எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்று மேலே பெரிய எண் அச்சிட்ட மலிவான செல்லை நான் கேட்டபோது, "எண்ணு பெருசா போட்டா சத்து பெருசுன்னு இல்லீங்க" என்று சொல்லி, எண் சின்னதாக இருந்த வேறு செல்கள் நான்கைக் கட்டினார். சார்ஜர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு சார்ஜருக்கும் இடையில் இருந்த வித்தியாசம், அன்று மாலை நானும் இரண்டு நண்பர்களும் ஓட்டலில் டிபன் சாப்பிட்ட செலவைவிடக் குறைவு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் ஒரு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. மெஷினில் ஒரு செல், டப்பாவில் மூன்று. ஒன்று தீர்ந்ததும் டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்து மாற்றிக் கொடுப்பேன். தீர்ந்த செல்லை உடனே சார்ஜரில் போட்டுவிடுவேன். தீர்ந்துபோன ஒன்று சும்மா கிடப்பது எனக்குப் பிடிக்காது. ஜோடிக்கு இன்னொன்று வேண்டுமே என்று, டப்பாவில் இருந்த நிறைந்த செல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் போடுவேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். சூடாகிவிட்டது என்றால் நிறைந்துவிட்டது என்று இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். கடைக்காரர் சொன்ன பத்து மணி நேரம், எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சரியாகக் கேட்காமல் போகத் தொடங்கியது. எல்லா நாளும் அப்படி இல்லை. நான்கு நாள் நன்றாகப் பேசுவாள். ஐந்தாம் நாள் மூன்று தடவை கேட்டாலும் பதில் வராது. மெஷினில் சத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினால் கீச்சென்று கத்தும். அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்துத் தட்டிப் பார்ப்பாள்.

"செல்லு தீந்துச்சாங்க?" என்று கேட்பாள்.

"முந்தாநாள்தான் சார்ஜ் போட்டு மாத்தினேன். செல்லுல ஒண்ணும் இல்ல" என்பேன்.

காது இன்னும் குறையலாம் என்று டாக்டர் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. காது குறைந்துகொண்டு போகிறது என்று நானே முடிவு செய்தேன். ஆனால் நடுநடுவே நன்றாகக் கேட்கும் நாட்களும் இருந்தனவே. அதற்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒரு நாள் அதை வாய்விட்டே சொன்னேன்.

"உனக்கு வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கல."

அந்த வாக்கியம் மட்டும் அவளுக்கு முழுசாகக் கேட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் நறுக்கினாள்.

அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணப் புடவை வந்தது. பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்திருந்தார்கள். மணி எதுவும் வேண்டாம், வெறும் முடிச்சு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவி ஒவ்வொரு முடிச்சிலும் பொன்னிற மணி கோத்து, நான்கு நாள் உட்கார்ந்து, மிக அழகாகக் கட்டி வைத்திருந்தாள். வாங்க வந்த அந்த அம்மாள் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேணாம்னுதானேமா சொன்னோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் எழுந்து வந்தேன். "அவளுக்குக் காது சுத்தமா கேக்காதும்மா. அடுத்த வாட்டி எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

நிலைமையைச் சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த அம்மாளும் தலையாட்டினார். என் மனைவி புடவையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணியாகப் பிரித்தெடுத்தாள். அவர்கள் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வாரத்தோடு வீட்டுக்கு வருகிறவர்களிடம் நேரடியாகப் புடவை வாங்குவதை அவள் நிறுத்திவிட்டாள். அடுத்த தெருவில் குஞ்சம் கட்டும் இன்னொரு பெண்மணி இருந்தார். வாடிக்கையாளர்களோடு அவர் பேசிக்கொள்வார். இவள் அவரிடம் புடவையை வாங்கிவந்து, சொன்னபடி கட்டிக் கொடுத்துவிடுவாள். பேச்சு வேண்டியிருக்காது. மெஷினையும் பாதி நேரம் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். நான் அதைப் பார்த்தேன். அவளுக்கு அதுதான் வசதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவளோடு போனில் பேசுவதற்கு என் மனைவி ஒரு வழி வைத்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மெஷின் பெட்டியின் அருகில் பிடித்துக்கொண்டால் பேச்சு ஓரளவு கேட்கும். மகள் சனிக்கிழமை மதியம் கூப்பிடுவாள். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் கடைத்தெருப் பக்கம் போயிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை நான் திரும்பி வந்தபோது, "பொண்ணு பேசினா" என்றாள் என் மனைவி. "என்ன சொன்னா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசினா. ஏதோ டாக்டர்னா, ரெண்டு மூணு வாட்டி டாக்டர்னா. நல்ல சேதியா இருக்கும்னு தோணுது. மெதுவா பேசினா, வெக்கம்போல" என்று சொல்லிச் சிரித்தாள். மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மகளே என்னிடமும் சொல்லட்டும் என்று நான் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் மருமகன் என்னைக் கூப்பிட்டார். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மாணவர்கள் சத்தம் போட்டதால் வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. அத்த அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றார்.

"எப்படிச் சொன்னா?"

அவர் நடந்ததைச் சொன்னார். மகளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. கரு தங்கியதையே இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். கலைந்த பிறகு அவள் முதலில் சொன்னது அம்மாவிடம்தான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்க" என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சத்தமாகச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை அது. ஆனால் அவளிடம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இரண்டாவது தடவை சொன்னபோது அவளுக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லவேண்டியதுதானே? எதுக்குத் தெரிஞ்ச மாதிரி பதில் சொல்ற?" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "எத்தினி வாட்டிங்க கேக்கலன்னு சொல்றது" என்றாள்.

மறுநாள் விடியற்காலை ஓசூருக்குப் புறப்பட்டோம். அவசரத்தில் செல் டப்பாவை எடுக்க மறந்துவிட்டேன். வழியிலேயே மெஷின் முழுக்க அடங்கிப்போனது. மகள்தான் கதவைத் திறந்தாள், அம்மாவைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டாள். என் மனைவி கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகன்தான் மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பென்சில் செல்தானே மாமா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாதாரண செல் ஒன்று வாங்கிவந்து போட்டார். அவள் ஒயரைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து மகளின் அறைக்குள் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். மகள் பேசுவது எனக்குக் கேட்டது, ஆனால் வார்த்தைகள் பிடிபடவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேசினாள், அழுகையோடு பேசினாள். நடுநடுவே என் மனைவியின் குரல் வந்தது. "எப்பமா வலி எடுத்துச்சு?" என்று கேட்டாள். மகள் ஏதோ சொன்னாள். "ராத்திரியேவா? யாரு இருந்தா கூட?" என்றாள். மறுபடி ஒரு முணுமுணுப்பு. "அவுருக்கு முன்னாடி அழாம இருந்தியா, ஏன்மா" என்றாள்.

அவள் "என்ன?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குப் பிடிபடாத வார்த்தைகளுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் காது குறையவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் புரிந்துகொண்டேன். டாக்டர் சோதித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ஒரு சாதாரண செல் போதுமானதாக இருந்தது. உள்ளே தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகன் காபி கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கித் தரையில் வைத்தேன்.

மூன்று நாள் அங்கே தங்கினோம். திரும்பியதும் நான்கு செல்களையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாணவர்கள் வருவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். ஒரே ஒரு செல்தான் ஒழுங்காக இருந்தது. இரண்டு செல்கள் பாதி உயிரோடு இருந்தன. ஒன்றில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அந்த மீட்டர்கள் இருக்கும் அலமாரியின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. தினமும் முப்பது மீட்டர்களை எடுத்துக்கொடுத்து வாங்கி வைக்கிறவன் நான். "செல்லு தீந்துச்சாங்க?" என்று அவள் கேட்ட ஏதாவது ஒரு நாள், ஒரு செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அளந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் சொல்வதைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்குக்கூட நான் நம்பவில்லை.

அன்று மாலையே கடைக்குப் போனேன். நான் சார்ஜ் போட்ட விதத்தைச் சொன்னதும் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது.

"காலி செல்லோட ஃபுல்லு செல்ல சேத்துப் போட்டிருக்கிறீங்க. சூடானது ஃபுல்லா இருந்த செல்லு. அது தாங்காம சூடாச்சு. நீங்க உடனே கழட்டிட்டீங்க. காலியா இருந்தது காலியாவே டப்பாவுக்குப் போயிருக்குது" என்றார். நிறைந்த செல்லும் மேலே மேலே ஏற்றியதில் கெட்டுப்போயிருக்கும் என்றார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நடு சார்ஜரை எடுத்துக் கொடுத்தார். செல்களையும் புதிதாக வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்குக் காட்டினேன். நான்கு குழிகள், நான்கு லைட்கள், ஒரு செல் போட்டாலும் ஏறும் என்று விளக்கினேன். "பழைய சார்ஜர் சரியில்ல. அதனாலதான் உனக்குக் கேக்காம போச்சு" என்றேன்.

"அப்படியா" என்றாள். கையில் இருந்த நூலை நுனியில் முறுக்கி முடிச்சுப் போட்டாள்.

சார்ஜர்மேல் பழியைப் போட்டுவிட்டு அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

புதிய சார்ஜர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செல்கள் ஒழுங்காக ஏறுகின்றன. அவளுக்கு நன்றாகக் கேட்கிறது. மகள் மறுபடி சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறாள், முன்னைவிட அதிக நேரம் பேசுகிறார்கள். ஆனால் முக்கியமான விஷயம் ஏதாவது இருந்தால் மகள் அதை எழுதி எனக்கு அனுப்பிவிடுகிறாள். "அம்மாகிட்ட காட்டுங்கப்பா" என்று கடைசியில் போடுகிறாள். அம்மாவைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் செய்கிறாள். அவள் அம்மா அதைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கிறாள்.

குஞ்சம் கட்டும் வேலையில் பழைய வாடிக்கையாளர்கள் ஒன்றிரண்டு பேர் மறுபடி தேடி வந்தார்கள். அவர்கள் பேசுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தும், "அவுருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கமா" என்று என்னைக் கைகாட்டினாள். யார் எது கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்டிய பிறகுதான் பதில் சொல்கிறாள். அந்தப் பழக்கம் போகவில்லை. அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று இருவரும் செவிலிமேட்டு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். வேறு யாரும் இல்லை. இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததை அப்போது சொன்னேன்.

"அந்த மொத சார்ஜர் வாங்கும்போதே கடைக்காரரு சொன்னாரு. ஒரு செல்லு மெஷினுக்கு இது வேணாம், அத எடுத்துக்கினு போங்கன்னாரு. நான்தான் கேக்கல."

அவள் ஒயரைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். "சொன்னாரா?"

"சொன்னாரு. எப்படிப் போடணும்னும் சொன்னாரு."

அவள் ஏதோ கேட்க வந்ததுபோல் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. முன்பக்கம் ஏறிப் பெண்கள் இருக்கையில் சன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய காஞ்சிபுரம் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நிறுத்தம் வந்ததும் இறங்கி, நான் இறங்கி வரும்வரை காத்திருந்தாள்.

"பூ வாங்கிக்கினு போலாங்க" என்றாள்.